திரும்பி வரவும் காசு வேண்டும், ஸார்!

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பையனிடம் நம்மூரில் மூன்று கேள்விகள் கேட்பார்கள். எப்போ ஃப்ளைட்? அங்கே அரிசி கிடைக்குமா? வரும்போது எனக்கு என்ன வாங்கிட்டு வருவே?

'கையில் எவ்வளவு இருக்கு, எத்தனை மாசம் தாங்கும்?' என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் கடன் கேட்டுவிடுவானோ என்று பயம்!

நான் பி.காம். பார்ட்டி. கேட்காமல் இருக்க முடியாது. எதிர்வீட்டுத் தம்பி நாலு வருஷம் ஒரு கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கப் போகிறான். "பட்ஜெட் போட்டாச்சுண்ணா" என்று செல்போனை நீட்டினான். முதல் வரியே, 'காலேஜ் ஃபீஸ் - நில்!'

பாதி சரி. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் ஃபீஸ் கிடையாதுதான். ஆனால் ஸ்டுட்கார்ட், ஹைடெல்பர்க் எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து போகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஃபீஸே இல்லாத இடத்திலும் 'செமஸ்டர் பங்கு' என்று நூறிலிருந்து முந்நூறு சொச்சம் வரை வாங்கிவிடுவார்கள். ஓசியில் கிடைப்பது உலகத்தில் அட்வைஸ் ஒன்றுதான்.

அடுத்தது ப்ளாக்டு அக்கவுண்ட். பணம் உங்களுடையது, பெயரும் உங்களுடையது, ஆனால் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023-ல் மாணவர்கள் இதில் வருஷத்துக்கு 11,208 யூரோ போட வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அது 11,904 ஆயிற்று. மாசம் 992 வீதம் அவிழ்த்து விடுவார்கள். நீங்கள் விண்ணப்பிக்கிற அன்று தொகை என்ன என்று தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். இது ஏறுகிற சாமான்.

இங்கேதான் கொஞ்சம் கணக்கு. 2022-ல் ஒரு யூரோ சுமார் எண்பது ரூபாய்க்குக் கிடைத்தது. 2025-ல் நூறைத் தாண்டியது. 11,904 யூரோ எண்பது ரூபாயில் 9,52,320. நூறு ரூபாயில் 11,90,400. நாம் ஒரு இட்லிகூட அதிகம் சாப்பிடவில்லை, செலவு மட்டும் இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் கூடிவிட்டது!

அதனால் தம்பியிடம் சொன்னேன்: "லட்சத்தில் சேர்க்காதே. மாசத்தில் சேர்த்து வை."

"புரியலைண்ணா."

"'பத்து லட்சம் வெச்சிருக்கேன்'னு சொன்னா அதுக்கு அர்த்தமே இல்லை. 'யாரையும் கேட்காம எட்டு மாசம் தாங்குவேன்'னு சொல்லு. அதுதான் கணக்கு."

தலையைச் சொறிந்தான். சரி, மூன்று கவர் எடு என்றேன். மேலே போக, இருக்க, வர என்று எழுதச் சொன்னேன்.

'போக' கவரில் விசா, டிக்கெட், ஸ்வெட்டர் மட்டும் என்று நினைத்தால் முதல் மாசமே மூச்சு முட்டும். ஜெர்மனியில் வீட்டு அட்வான்ஸ் சட்டப்படி மூன்று மாச வாடகை வரை கேட்கலாம். அதுவும் 'குளிர்ந்த' வாடகை, அதாவது ஹீட்டர், தண்ணீர் செலவு சேராதது. அவையும் சேர்ந்தால் 'சூடான' வாடகை. ரூம் 450 குளிர், 550 சூடு என்று வையுங்கள். அட்வான்ஸ் 1,350, முதல் மாச வாடகை 550, ஆக 1,900 யூரோ. கையில் வருவது 992. அதுவும் அங்கே போய் பேப்பர் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான்! அட்வான்ஸை மூன்று மாசத் தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது. மறக்காமல் கேளுங்கள். இன்னொன்று, சில வாடகை வீடுகளில் சமையலறைச் சாமான் எதுவும் இருக்காது. அடுப்பும் கிடையாது, ஸிங்க்கும் கிடையாது. வெறும் சுவரும் குழாயும்தான். ஃபர்னிஷ்டு ரூமா என்று முதலிலேயே விசாரிப்பது உத்தமம்.

'இருக்க' கவரில் வாடகை, சாப்பாடு தவிர எல்லாரும் மறக்கிற ஐட்டங்கள் உண்டு. மாணவர்களுக்கான மருத்துவ இன்ஷூரன்ஸ் மாசம் 140, 150 யூரோ ஆகும். அந்தச் சலுகை முப்பது வயது வரைக்கும்தான். 'அடுத்த வருஷம் போகலாம்' என்று இருபத்தொன்பதில் தள்ளிப்போடும் அன்பர்கள் கவனிக்க. அப்புறம் ரேடியோ-டி.வி. கட்டணம். 2021-ல் வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ என்று வைத்தார்கள். டி.வி. இல்லையே என்று வாதாடிப் பிரயோஜனமில்லை, வீடு இருந்தால் போதும். நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு கட்டணத்தைப் பங்கு போடலாம். ஆறுதலுக்கு ஒன்று: காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் இருக்கிற மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். தூக்கிப் போடாதீர்கள்.

பகுதி நேர வேலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். 2024 மார்ச்சிலிருந்து வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்று அனுமதி இருக்கிறது. அனுமதி இருக்கிறது, வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை. கிடைத்தால் போனஸ்.

பணம் அனுப்பும்போது 'கமிஷன் இல்லை' என்று போர்டு மாட்டியிருந்தால் ஒன்று புரிந்து கொள்ளுங்கள். கமிஷன் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. மூன்று இடத்தில் ரேட் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்குப் பத்து லட்சம் வரை அனுப்பினால் டி.சி.எஸ். பிடிப்பதில்லை. வங்கியில் வாங்கிய கல்விக் கடன் என்றால் அறவே இல்லை. மேலே போய்ப் பிடித்தாலும் பணம் எங்கும் போகாது, ரிட்டர்னில் கழித்துக் கொள்ளலாம்.

சேமிப்பது எப்படி என்கிறீர்களா? ஒத்திகை பாருங்கள். நாளைக்குக் கடன் வாங்கினால் மாசத் தவணை இருபதாயிரம் வரும் என்றால், அதை இந்த மாசமே ஆர்.டி.யில் கட்ட ஆரம்பியுங்கள். இங்கே, அம்மா சாப்பாட்டோடு, கட்ட முடியவில்லை என்றால் அங்கே நிச்சயம் முடியாது. இரண்டு வருஷத்தில் தேவைப்படுகிற பணத்தை ஷேரில் போட வேண்டாம். விசா தேதிக்காக மார்க்கெட் காத்திருக்காது.

மூன்றாவது கவருக்கு வருகிறேன். 'வர'.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். போன அன்றே அக்கவுண்ட்டைத் துடைத்து வைத்தது போல் இருந்தான். ஆறாவது மாசம் ராத்திரி போன்: அப்பாவுக்கு நெஞ்சுவலி. உடனடி டிக்கெட் என்றால் விலை கேட்கவா வேண்டும்? ஆறு நண்பர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டுவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. ஊருக்கு வந்தபோது வாசலில் பந்தல் பிரித்துக் கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அவன் அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் பேசுகிறான்.

சாவு மட்டுமில்லை. படிப்பு பிடிக்கவில்லை, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, 'போதும்டா சாமி' என்று தோன்றுகிறது... வருகிற காசு தனியாக இருப்பவன் யோசித்து முடிவெடுப்பான். இல்லாதவன் மாட்டிக் கொள்வான். தைரியம் என்பது பாதி சமயம் பேங்க் பேலன்ஸ்தான், ஸார்.

அந்தக் கவரை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு லட்சம் ரூபாய், இங்கேயே, அம்மாவோடு ஜாயிண்ட் அக்கவுண்ட்டில் டெபாசிட்டாக இருக்கட்டும். டிக்கெட் இங்கிருந்தே போடலாம். நீங்களே அங்கிருந்து செலவு பண்ணக் கேட்டாலும் அம்மா தர மாட்டாள்.

பெட்டியில் ஆவக்காய்க்கு மட்டும் இரண்டு கிலோ ஒதுக்குகிறோம். இந்தக் கவருக்கு எடையே கிடையாது. ஏர்போர்ட்டில் ஒருத்தனும் பிரித்துப் பார்க்க மாட்டான்!