ஊரைத் தேடினால் ஜில்லாவைக் கேட்பதா?

ஏலாக்குறிச்சி இருந்த இடத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் 12 வருஷத்துக்குள் நாலு தடவை ஜில்லா மாறிவிட்டது!

1995 வரை திருச்சி. அந்த வருஷம் பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் திரும்பப் பெரம்பலூர். 2007-ல் மறுபடியும் அரியலூர்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? பழைய காகிதம் ஒன்றைத் தேடிப் பாருங்கள், தெரியும்!

பெயரும் இரண்டு

அடைக்கல மாதா கோவில் உள்ள ஊர் இது. 18-ம் நூற்றாண்டில் இங்கே இருந்து தமிழ்ப் பணி செய்த வீரமாமுனிவர், இதைத் 'திருக்காவலூர்' என்றார். 'திருக்காவலூர்க் கலம்பகம்' என்று நூலே பாடினார். எழுத்தை மட்டும் பார்க்கிற கம்ப்யூட்டரில் 'ஏலாக்குறிச்சி' என்று தட்டினால் அந்த நூல் வருமா? வராது. ஆங்கிலத்திலோ ஒரு 'கே' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'கே' போட்டும் எழுதுகிறார்கள்!

எது பக்கம்?

செல்போனில் மருந்துக் கடை தேடினால், நாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடை முதலில் வருகிறது. சரிதான். ஆனால் திருப்பூரில் வேலை பார்க்கிறவர் சொந்த ஊர் நிலத்தின் பத்திரத்தைத் தேடினால்? அவர் உட்கார்ந்திருக்கும் இடம் எதற்கு? நிலம் கிடக்கும் இடம்தான் கணக்கு.

வில்லங்கம் பார்க்கப் போனால் ஜில்லா எது, சார்பதிவாளர் ஆபீஸ் எது, கிராமம் எது என்று கேட்கிறது. ஒன்றைத் தப்பாகத் தொட்டால் 'எதுவும் இல்லை' என்று வரலாம். வில்லங்கமே இல்லை என்று நம்பி ஏழை அட்வான்ஸ் கொடுத்துவிடுவான். அப்புறம் அழுது என்ன லாபம்?

ஜில்லா மாறும்; அட்சரேகை, தீர்க்கரேகை மாறாது. அந்த இடத்தோடு பழைய பெயர், புதுப் பெயர், எந்த வருஷம் எந்த ஜில்லா என்பது எல்லாவற்றையும் கோத்து வையுங்கள். எந்தப் பெயரில் தேடினாலும் அந்த ஊர்க் காகிதம் மேலே வரட்டும். ஊர்ப் பெயரைப் போகிற போக்கில் சொல்லும் காகிதம் கீழே போகட்டும்.

பழைய பெயர்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜில்லாவைப் பிரிப்பது சர்க்காரின் உரிமை. பிரிக்கும்போது ஊரைத் தொலைக்காமல் இருப்பது சர்க்காரின் கடமை!