முடிவுக்கு முன்பே கேளுங்கள்: மனிதவளத் துறையின் தலைமைப் பொறுப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டின் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் மனிதவளப் பணி செய்வோரின் சங்கம் என்ற முறையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

நிலைப்பாடு

பணியாளரின் வேலை, பாதுகாப்பு, குடும்ப வாழ்க்கை ஆகியவற்றைத் தொடும் எந்த முடிவையும் மனிதவளத் தலைவரின் கருத்தை எழுத்தில் பெற்ற பிறகே நிர்வாகம் எடுக்க வேண்டும். அந்தக் கருத்துக்கு அவரும் பொறுப்பேற்க வேண்டும்.

ஏன் சொல்கிறோம்

பல நிறுவனங்களில் எச்.ஆர். துறைக்கு வேலை வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆர்டரை ஒப்புக்கொண்டு, ஷிஃப்டை மாற்றி, எத்தனை பேரைக் குறைப்பது என்றும் தீர்மானித்துவிட்டு, "ஆட்களிடம் பேசிவிடுங்கள்" என்று அனுப்புகிறார்கள். அந்த நிலையில் பேச ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. அறிவிக்க மட்டுமே முடியும்.

இதன் விலை பெரிது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். கட்டட வரைபடம் போடும்போதே மனிதவளத் துறை அங்கே இருந்தால் காப்பகத்துக்கு வெளிச்சமும் காற்றும் உள்ள அறை கிடைக்கும். கட்டி முடித்த பிறகு கேட்டால் கிடங்கு ஓரத்தில் ஒரு மூலைதான் மிஞ்சும். பெண்களுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் பேருந்து, விடுதி, பாதுகாப்பு எல்லாமே செலவுக் கணக்கில் முதலிலேயே ஏற வேண்டியவை.

சட்டமும் மனிதவளத் துறையின் பொறுப்பை விரிவாக்கியே வந்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 250 ஆகக் குறைத்தது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் குறைதீர் குழு வேண்டும் என்கிறது தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம். பொறுப்பு இவ்வளவு வளர்ந்தும், முடிவெடுக்கும் மேசையில் மட்டும் இடம் இல்லை.

நிறுவனங்களிடம் கேட்பவை

1. மனிதவளத் தலைவர் நேரடியாக நிர்வாக இயக்குநரின் கீழ் இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி நிதித் தலைவரும் நிறுவனச் செயலரும் முக்கிய நிர்வாகப் பணியாளர்கள். அந்தப் பட்டியலில் மனிதவளத் தலைவரின் பெயர் இல்லை. ஆனால் இயக்குநர்களுக்கு அடுத்த நிலையில் உள்ள முழுநேர அதிகாரியை அப்படி அறிவிக்கும் உரிமை இயக்குநர் குழுவுக்கு உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். அதோடு வரும் சட்டப் பொறுப்பையும் ஏற்கச் சித்தமாக இருக்கிறோம்.

2. ஆட்குறைப்பு, ஷிஃப்ட் மாற்றம், புதிய ஆலை, காண்ட்ராக்ட் ஆட்களை எடுப்பது ஆகிய கோப்புகளில் மனிதவளக் குறிப்பு இருக்க வேண்டும். அதை மீறி முடிவெடுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும்.

3. பங்குச் சந்தையில் முன்னணியில் உள்ள 1,000 நிறுவனங்கள் விபத்து, பணி விலகல் போன்ற விவரங்களை ஆண்டுதோறும் வெளியிடுவது 2022-23 முதல் செபியின் விதி. பட்டியலிடப்படாத நிறுவனங்களிலும் இந்த விவரங்கள் காலாண்டுக்கு ஒருமுறை இயக்குநர் குழுவின் முன் வர வேண்டும்.

4. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் விசாரணையில் நிர்வாகமோ மனிதவளத் துறையோ தலையிடக் கூடாது. விசாரணையை 90 நாட்களில் முடிக்கவும், பரிந்துரையை 60 நாட்களில் நிறைவேற்றவும் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவைக் காப்பதே எங்கள் வேலை.

எங்கள் உறுதிமொழி

தலைமை கேட்பவர்கள் மறுக்கவும் துணிய வேண்டும். ஆட்குறைப்பை ராஜினாமாவாக எழுதி வாங்க மாட்டோம். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்க மாட்டோம். ஓ.டி. நேரத்தைக் குறைத்துப் பதிய மாட்டோம். இப்படிச் செய்யச் சொல்லும் உத்தரவை மறுத்ததற்காக உறுப்பினர் எவரேனும் வேலையில் நெருக்கடிக்கு உள்ளானால் சங்கம் அவர் பக்கம் நிற்கும்.

தொழிற்சங்கங்களின் இடத்தை நாங்கள் கோரவில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நகரத்தைத் தலைநகராகக் கொண்ட மாநிலம் இது. தொழிலாளர் சார்பில் பேச அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே உரியவர்கள். நாங்கள் நிர்வாகத்தின் பகுதி. ஆகவே நிர்வாகத்துக்குள் உண்மையைச் சொல்வதே எங்கள் கடமை.

நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த கூட்டத்துக்கு உங்கள் மனிதவளத் தலைவரை அழையுங்கள். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் கோப்புகளை அவர் முன் வைத்து, கையெழுத்திடும் முன் அவர் சொல்வதைக் கேளுங்கள்.