ஒலிவாங்கியை யாரிடம் நீட்டுகிறீர்கள்?



2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. எங்கள் கரையோரப் பக்கம் அந்த நாட்களில் வானொலியைத் திருப்பினால் வேட்பாளர் நேர்காணல்தான். காலையில் ஒருவர், லுஹருக்குப் பிறகு ஒருவர், இரவில் இன்னும் இருவர். இடையில் மக்கள் கருத்து என்று சந்தியில் நிற்கும் நாலு பேரின் குரல். கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நேரே சொல்கிறோம்: இவை நேர்காணல்கள் அல்ல. பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சிகள்.

வேட்பாளருக்கு அரை மணித்தியாலம் கிடைக்கிறது. அரசியலுக்கு ஏன் வந்தீர்கள், ஊருக்கு என்ன சேவை செய்தீர்கள், மக்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். இந்த மூன்று கேள்விக்கும் பாலர் பாடசாலைப் பிள்ளையும் பதில் சொல்லும். வாக்காளருக்குக் கிடைப்பது இருபது செக்கன். "காக்கா, இந்த முறை யார் வெல்லுவார்?" கிரிக்கெட் மெட்ச் பார்க்க வந்தவரிடம் கேட்கிற கேள்வி இது. அவர் தன் ஒழுங்கையில் மழைத்தண்ணி நிற்பதைச் சொல்லத் தொடங்கினால், "சரி, நன்றி" என்று ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விடுகிறது.

இந்தத் தேர்தல் சும்மா வந்ததல்ல. அதற்கு முன் கடைசியாக நாம் உள்ளூராட்சிக்கு வாக்களித்தது 2018 பெப்ரவரி 10இல். அடுத்தது 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டும். பணமில்லை என்றார்கள். தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள். நாம் தெரிவு செய்த ஒருவர்கூட உள்ளே இல்லை. நீதிமன்றப்படி ஏறிக் கிடைத்த தேர்தலை "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்ற கேள்வியில் முடிக்கப் பார்க்கிறீர்களா?

பிரதேச சபையின் வேலை என்ன? குப்பை அள்ளுவது, வடிகான், உள்வீதி, தெருவிளக்கு, சந்தை, நூலகம், மாட்டு மடுவம், இறைச்சிக் கடைக் குத்தகை, சோலைவரி. நம் அன்றாட வாழ்க்கை முழுக்க இதற்குள்தான் கிடக்கிறது. வேட்பாளர் வானொலியில் கதைப்பதோ வேறு. கடலரிப்பை நிறுத்துவேன் என்கிறார். அது கரையோரம் பேணல் திணைக்களத்தின் பொறுப்பு. காணிகளை மீட்பேன், இளைஞருக்கு அரச வேலை தருவேன் என்கிறார். இரண்டும் சபையின் அதிகாரத்தில் இல்லை. கொரோனா காலத்து ஜனாஸா எரிப்பைச் சொல்லிக் குரல் தழுதழுக்கிறார். அந்த வலி நம் எல்லோருடையதும்தான். ஆனால் அதற்குப் பதில் கேட்க வேண்டிய இடம் பாராளுமன்றம். அந்த வலியைக் காட்டி வடிகானுக்குப் பதில் சொல்லாமல் தப்புவது அநியாயம். "இது உங்கள் சபையின் அதிகாரத்தில் உள்ளதா?" என்ற ஒரு கேள்வி போதும். அறிவிப்பாளர் அதைக் கேட்பதில்லை.

ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்தது உலகச் செய்தியானது. அந்தக் குப்பை நம் வீடுகளில் இருந்து போனது. அதை எங்கே கொட்டுவீர்கள், எப்படித் தரம் பிரிப்பீர்கள் என்று இதுவரை நாம் கேட்ட நேர்காணல் ஒன்றிலும் கேள்வி வரவில்லை.

பெண்கள் விடயம் இதைவிட மோசம். சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெண் வேட்பாளரைக் கூப்பிட்டால் "வீட்டில் எப்படி ஒத்துழைப்பு?" என்பதுதான் முதல் கேள்வி. ஆண் வேட்பாளரிடம் அதை யாராவது கேட்டதுண்டா? மக்கள் கருத்து எடுக்கும் தம்பிமாரும் தேநீர்க் கடை, பஸ் தரிப்பிடம், பள்ளிவாசல் வாசல் என்று ஆண்கள் நிற்கும் இடத்துக்குத்தான் போகிறார்கள். குப்பை வண்டிக்காகக் காத்து நிற்பவரும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சேற்றுக்குள் நடப்பவரும் பெண்தான். அவர் குரல் எங்கே? ஊரில் பெயர் சொல்லிப் பேசினால் "யாருடைய ஆள்" என்ற முத்திரை விழும் என்று அவர் பயந்தால், பெயரில்லாமல் குரலை மட்டும் எடுங்கள். கேள்வியை எழுதி வாங்கி வாசியுங்கள். மனமிருந்தால் வழி இருக்கிறது.

"விளம்பரம் இல்லாமல் நிலையம் ஓடாது" என்பார்கள். ஓடட்டும், விளம்பரம் போடுங்கள். ஆனால் விளம்பரம் என்று சொல்லிப் போடுங்கள். காசு வாங்கிய அரை மணித்தியாலத்துக்கு நேர்காணல் என்று பெயர் வைப்பது கேட்பவரை ஏமாற்றுவது. 2023ஆம் ஆண்டுத் தேர்தல் செலவுச் சட்டப்படி பெறுபேறு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். இந்த அரை மணித்தியாலம் அந்தக் கணக்கில் வருமா? எல்லா வேட்பாளரையும் பாரபட்சமின்றி நடத்துங்கள் என்ற தேர்தல் ஆணைக்குழுவின் ஊடக வழிகாட்டல் அரச வானொலிக்கும் தனியார் வானொலிக்கும் சேர்த்துத்தான். காசில்லாத சுயேச்சைக் குழுவுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள்?

"சனம் இதையெல்லாம் கேட்காது" என்று சொல்பவர்களும் உண்டு. சனத்தைக் குறைத்து மதிக்காதீர்கள். இறைச்சிக் கடைக் குத்தகை எவ்வளவுக்குப் போனது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், ஊரே வானொலிக்குப் பக்கத்தில் உட்காரும்.

நாம் கேட்பது பெரிதல்ல. எல்லா வேட்பாளரிடமும் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. உங்கள் வட்டாரத்தில் முதல் வருடத்தில் செய்யப்போகும் ஒரு வேலை எது? அதற்குச் சபையில் எங்கிருந்து பணம்?
2. குப்பையை எங்கே கொட்டுவீர்கள்?
3. சந்தை, மடுவக் குத்தகை விபரங்களைப் பகிரங்கமாக ஒட்டுவீர்களா?
4. உங்கள் கட்சிக்குப் பட்டியல் ஆசனம் கிடைத்தால் யாருக்கு? நாலு வருடமும் அவருக்கா, வருடத்துக்கு ஒருவர் என்று பங்கு போடுவீர்களா?
5. கடந்த சபையில் இருந்தவர் என்றால், வரவு செலவுத் திட்டத்துக்கு எப்படி வாக்களித்தீர்கள், ஏன்?

பதில்களை அழிக்காமல் வையுங்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். நாமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சபைக்கு விண்ணப்பம் போட்டு, சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வாக்கு ஒரு சாட்சியம், ஓர் அமானிதம் என்று தேர்தலுக்குத் தேர்தல் மிம்பரில் கேட்கிறோம். விபரம் தெரியாதவன் எதற்குச் சாட்சி சொல்வான்? அந்த விபரத்தைத் தர வேண்டியவர்கள் ஒலிவாங்கி வைத்திருக்கிறீர்கள். அதுவும் அமானிதம்தான்.

2025 மே 3 நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. இனி ஒரு தேர்தல் வரும்போது நிலையத்துக்கு அழைப்பெடுங்கள், இந்த ஐந்து கேள்வியையும் வாசித்துக் காட்டுங்கள். வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வந்தால் அவரிடமும் கேளுங்கள். பதில் சொல்லாதவர் யார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போங்கள்.