லெஸோத்தோவின் வெண்பனி

ஆப்பிரிக்கா என்றதும் நம்மவர் மனத்தில் பாலைவனமும் அடர்ந்த காடும் சுட்டெரிக்கும் வெயிலுமே தோன்றும். அக்கண்டத்தின் தென்கோடிக்கு வழிகாட்டியோடு சென்று பனிச்சறுக்கு விளையாடி வரலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் பரிகாசம் செய்கிறார் என்றே நினைப்போம். ஆனால் இது பரிகாசமன்று. லெஸோத்தோ என்னும் சிறு ராஜ்யத்தில் ஆண்டுதோறும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில் நடந்துவரும் காரியமே இது. உல்லாசப் பிரயாணிகளின் விஷயந்தானே என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு தேசத்து ஜனங்களின் உரிமையும் ஜீவனமும் இதில் அடங்கியிருக்கின்றன.

லெஸோத்தோ நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட நாடு. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். அந்நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் மேலே இருக்கிறது. மிக உயர்ந்த சிகரமாகிய தபானா என்ட்லென்யானா 3,482 மீட்டர். நமது நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்தால் அந்த உயரம் விளங்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே டில்லி எவ்வளவு தூரமோ, தெற்கே லெஸோத்தோவும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். ஆயினும் உயரத்தின் காரணமாகக் குளிர்கால இரவுகளில் அங்கே நீர் உறைந்துபோகிறது. அதன் வடபகுதியில், மலுட்டி மலைத்தொடரில், சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் ஆப்ரிஸ்கி என்னும் பனிச்சறுக்கு விடுதி அமைந்திருக்கிறது. அங்குள்ள முக்கியச் சரிவின் நீளம் ஒரு கிலோமீட்டர் அளவே. மழை கோடையில் பெய்யும் நாடாகையால், குளிர்காலத்தில் வானத்துப் பனியை நம்பி இருக்க முடியாது. உறையும் இரவுகளில் யந்திரங்களைக் கொண்டு நீரைப் பனியாக்கிச் சரிவில் தூவுகிறார்கள். வருவோரில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்கர்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் முதன்முதலாகப் பனியைத் தொட்டுப் பார்ப்பதே இங்கேதான்.

இந்த மலைகள் பஸோத்தோ மக்களுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதைச் சற்றே நினைவுகூர்வது அவசியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த குலங்களை மொஷ்வெஷ்வே என்னும் மன்னர் ஒரு ஜாதியாராகத் திரட்டினார். அவருடைய மலைக்கோட்டையாகிய தாபா போஸியுவை அவர் காலத்தில் எந்தப் பகைவராலும் பிடிக்க முடியவில்லை. ஆயினும் போயர்களுடன் நடந்த யுத்தங்களில் காலிடன் நதிக்கு மேற்கேயிருந்த செழிப்பான விளைநிலம் பறிபோயிற்று. மிச்சத்தையேனும் காத்துக்கொள்ள வேண்டி, 1868-இல் அவர் பிரிட்டிஷாரின் பாதுகாப்பை ஏற்க நேர்ந்தது. கோதுமையும் சோளமும் விளையும் பூமி பிறர் கைக்குப் போக, பாறையும் குளிரும் அவர்கள் கையில் நின்றன. 1966 அக்டோபர் 4-ஆம் தேதி சுதந்திரம் பெற்றபோது அவர்களிடம் பெரும்பாலும் இருந்தது அந்த மலையே.

ஒருவரும் வேண்டாமென்று விட்ட அந்த மலையைத் தேடிப் பின்னர் எல்லோரும் வந்தார்கள். முதலில் வந்தது தண்ணீர்த் தாகம். 1986-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பேரில் காட்ஸேயில் 185 மீட்டர் உயரமுள்ள அணை எழுந்தது. 1998 முதல் மலைநீர் ஜோஹானஸ்பர்க் பிரதேசத்துக்குப் பாய்கிறது. அதற்காக லெஸோத்தோ சர்க்காருக்குப் பணம் வருவது வாஸ்தவமே. ஆனால் அணைகளுக்காக நிலமும் மேய்ச்சலும் இழந்த கிராமத்தார் உண்டு. இன்னமும் குடத்தைத் தலையில் சுமந்து ஊற்றுக்கு நடக்கும் பெண்களும் உண்டு. அடுத்து வைரம். பனிச்சறுக்கு விடுதியைத் தாண்டிச் செல்லும் அதே மலைப்பாதையின் பக்கத்தில் லெட்செங் சுரங்கம் இருக்கிறது. 2006-இல் அங்கே 603 காரட் எடையுள்ள வைரம் ஒன்று கிடைத்து உலகமே வியந்தது. அச்சுரங்கத்தில் சர்க்காருடைய பங்கு 30 சதவீதமே. மனிதர்களையும் விடவில்லை. 1980-களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பஸோத்தோ ஆடவர் எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கங்களில் பாடுபட்டார்கள். தங்கத் தொழில் சுருங்கியதும் வேலையிழந்து வீடு திரும்பினார்கள்.

இப்போது பனியின் முறை வந்திருக்கிறது. நாம் கேட்பது ஒரே கேள்விதான்: பிரயாணியை அந்த மலைமேல் அழைத்துச் செல்லும் வழிகாட்டி யார்? வெளிநாட்டு நகரத்தில் பணம் கட்டி, வெளிநாட்டு வழிகாட்டியுடன் புறப்பட்டு, சாமான்களையும் உணவையும் உடன் கொண்டுபோய், மூன்று நாள் சறுக்கிவிட்டுத் திரும்புகிற பிரயாணத்தால் அந்நாட்டுக்கு மிஞ்சுவது என்ன? அறையைப் பெருக்குகிற கூலியும் சக்கரத் தடமுமே மிஞ்சும். தண்ணீரைப் போலவும் வைரத்தைப் போலவும் பனியின் லாபமும் எல்லை தாண்டிப் போய்விடும்.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லப்படுவதுண்டு. பனிச்சறுக்கு ஐரோப்பியரின் வித்தை. ஆல்ப்ஸ் மலையில் குழந்தைப் பருவம் முதல் பழகியவர்களுக்கே கைவரும். ஆடு மேய்த்தவனுக்கு அது எப்படி வரும் என்கிறார்கள். இவ்வாதம் பஸோத்தோ மக்களின் சரித்திரத்தை அறியாதார் வாதம். குதிரை அவர்களுக்கு அந்நியப் பிராணி. கேப் பிரதேசத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் அவர்கள் தேர்ந்த குதிரை வீரர்களாகி, தங்கள் மலைக்கேற்ற ஓர் இனத்தையே வளர்த்துவிட்டார்கள். 1880-இல் கேப் சர்க்கார் அவர்களுடைய துப்பாக்கிகளைப் பறிக்க முயன்றபோது அக்குதிரைகளின் மேல் ஏறியே எதிர்த்து நின்று, ஆயுதங்களைக் காத்துக்கொண்டார்கள். அவர்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளியும் அப்படியே. வியாபாரிகள் கொண்டுவந்த சரக்கு. இன்று அதுவே அவர்களுடைய தேசிய உடை. பிறர் பொருளை ஏற்றுத் தமதாக்கிக்கொள்ளும் திறமை படைத்த ஜனங்களுக்கு இரண்டு சறுக்குப் பலகைகள் பெரிய காரியமல்ல.

தவிரவும், வழிகாட்டியின் வேலை சறுக்கக் கற்பிப்பதோடு முடிவதில்லை. மெல்லிய காற்றில் மூச்சுத் திணறுகிறவனைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேகம் எந்தப் பக்கம் திரளுகிறது, கணவாய்ப் பாதையில் எந்த வளைவில் உறைபனி படியும், புயல் வந்தால் எங்கே ஒதுங்கலாம் என்றெல்லாம் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு யாரிடம் இருக்கிறது? கம்பளி போர்த்து, மலைமேல் தனித்த குடிசையில் மந்தையோடு குளிர்காலம் கழித்த இடையனிடம் இருக்கிறது. பிரயாணிக்குப் பனி விளையாட்டு. அவனுக்கோ பாதை அடைபட்டு, ஆடு மடிகிற ஆபத்து. ஆபத்தை அறிந்தவனே நல்ல வழிகாட்டி.

உள்ளூராருக்கு முதலிடம் கேட்பது நியாயமற்ற சலுகை என்று ஐரோப்பியர் சொல்வதற்கும் இடமில்லை. பிரான்ஸில் மோன் பிளாங்க் சிகரத்தின் அடிவாரத்திலுள்ள ஷமோனியில் 1821-இல் வழிகாட்டிகளின் சங்கம் ஏற்பட்டது. நெடுங்காலம் அப்பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கே அதில் இடம். ஏழைக் குடியானவர்களாயிருந்த அவர்கள், அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டே மலையைத் தங்கள் ஜீவனமாக்கிக்கொண்டார்கள். ஷமோனிக்கு நியாயமாயிருந்தது லெஸோத்தோவுக்கு மட்டும் அநியாயமாகிவிடுமா?

ஆகையால் லெஸோத்தோ சர்க்கார் செய்யவேண்டியது தெளிவு. மலை வழிகாட்டிகளுக்கு முறையான பயிற்சியும் பரீட்சையும் அனுமதிப் பத்திரமும் ஏற்படுத்த வேண்டும். அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கோஷ்டியும் உள்நாட்டு வழிகாட்டி ஒருவரையேனும் நியாயமான சம்பளத்துக்கு அமர்த்தவேண்டுமென்று விதிக்க வேண்டும். மலேயாலேயா என்னும் ஊரில் கிராமத்தாரே பிரயாணிகளுக்குக் குதிரை கொடுத்து, வழிகாட்டியாகவும் கூடப்போகிறார்கள்; அந்த முறையைப் பனிமலைக்கும் விரிக்கலாம். பனிக்காலம் மூன்றே மாதம். பூமியின் வெப்பமோ ஏறிவருகிறது. யந்திரப் பனிக்கும் குளிர்ந்த இரவு வேண்டும். எனவே பனி ஒன்றையே நம்பாமல், மற்ற மாதங்களில் குதிரைப் பயணத்துக்கும் மலைநடைக்கும் அதே வழிகாட்டிகள் உதவும்படி ஏற்பாடு செய்வதே விவேகம்.

பிரயாணிகளுக்கும் ஒரு வார்த்தை. லெஸோத்தோவை அடுத்துள்ள நேட்டாலுக்கு 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழரின் சந்ததியார் டர்பன் முதலிய இடங்களில் இன்று நல்ல நிலையில் வாழ்கிறார்கள். பிறருக்காக உழைத்துத் தேய்வது இன்னதென்று அவர்களுடைய முன்னோர் அறிவார்கள். விடுமுறைக்கு அந்த அண்டை மலைக்குச் செல்லும்போது, அவர்களும் மற்றவர்களும் வாடகையைப் பேசி முடிக்குமுன், “எங்களை அழைத்துப் போகிறவர் இவ்வூராரா?” என்று கேட்பார்களாக. அந்தக் கேள்வியைப் பலர் கேட்கத் தொடங்கினால் சட்டம் வருவதற்கு முன்பே வழக்கம் மாறிவிடும். விளைநிலத்தை இழந்து மலையைக் காத்த ஜனங்கள், அம்மலையின் மேல் விழும் பனியையும் இழக்கலாகாது.