இறங்காத சைக்கிள்

"பேரணி, பதாகை, காந்தி படம்... எல்லாம் நாடகம்தானே?" 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணியைப் பற்றிப் பேசியபோது வானொலியில் ஒரு நேயர் கேட்டார். "ஆமாண்ணே, நாடகம்தான்" என்றேன்.

தோட்டங்களில் அதற்கு முன்பே தினமும் ஒரு நாடகம் நடந்தது. துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், சம்பள உயர்வோடு இந்த வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள்.

நெகிரி செம்பிலானில் பால்மரம் வெட்டிய என் தாத்தா, துரை பங்களாவை இடித்த பிறகும் அந்த வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார். "ஏன் தாத்தா இறங்குறீங்க?" "பழகிப்போச்சு."

அந்தப் பழக்கம் போக, நாலு பேர் பார்க்க ஒருவர் இறங்காமல் போக வேண்டும். அது நாடகம் என்றால், இருக்கட்டுமே!