கோழி தின்ற தீனி என்ன?

ஞாயிறு காலையில் லோஹேகாவ் கறிக்கடைகளில் நம்மவர்களைத் தவறாமல் காணலாம். கட்டட வேலைக்கு வந்தவரும் நிற்கிறார், அலுவலகக் குமாஸ்தாவும் நிற்கிறார். ஆட்டுக்கறி விலை கைக்கு எட்டாமல் போனபின் சம்பளக்காரர் வீட்டுக்கு பிராய்லர்தான் கறி. கிலோ என்ன விலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கோழி எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்பார் இல்லை.

புனேயில் கேட்க வேண்டிய கேள்விதான் இது. 1971-ல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் குழுமத்துக்குத் தலைமையிடம் இந்நகரமே. நாமக்கல் முட்டைக்கும் விலை சொல்லும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அக்குழுமத்தை நிறுவிய பி.வி.ராவ் முன்னின்று 1982-ல் அமைத்தது.

தீனியில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்தால் குஞ்சு வேகமாகப் பருக்கிறது என்று 1950 வாக்கில் அமெரிக்காவில் கண்டார்கள். அன்று தொடங்கியது, நோயில்லாத கோழிக்கும் தினசரி மருந்து! அதில் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகின்றன. அவை மனிதரைத் தொற்றினால் டாக்டர் எழுதும் மாத்திரை பலிக்காது. ஸ்வீடன் 1986-லும், ஐரோப்பியக் கூட்டமைப்பு 2006-லும் இவ்வழக்கத்தைத் தடை செய்தன. பிற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகத் தரும் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தரக்கூடாதென நம் மத்திய அரசு தடுத்தது 2019 ஜூலையில்தான்.

மருந்துக்கு மாற்றாகச் சொல்லப்படுவது புளிக்க வைத்த இலை. முருங்கை இலையை வாட்டி, நறுக்கி, வெல்லக் கரைசலும் சிறிது மோரும் தெளித்து, காற்றுப் புகாமல் டிரம்மில் அடைத்து வைக்கிறார்கள். நம் வீட்டு இட்லி மாவு புளிப்பதைப் போலத்தான். லாக்டிக் அமிலம் ஊறிக் கெட்ட கிருமிகளை அடக்குகிறது; நார்ச்சத்து ஓரளவு இளகுகிறது. பிறகு உலர்த்திப் பொடியாக்கித் தீனியில் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். கொஞ்சமாக என்பது முக்கியம். கோழி பசுமாடு அல்ல. நார் அதிகமானால் எடை குறையும். புனேக்கு அருகே உருளிகாஞ்சன் பாய்ஃப் நிறுவனம் 1970-களில் பரப்பிய சுபாபுல் இலையில் மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. புளிக்க வைத்தால் அது குறையுமே தவிர, இஷ்டம்போல் போடலாம் என்று ஆகாது.

பண்ணைக்காரரே இதைச் செய்யட்டும் என்று உபதேசிப்பது சுலபம். பல்லடத்தைச் சுற்றி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். ஒப்பந்த முறையில் குஞ்சு, தீனி, மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. பண்ணைக்காரருடையது கொட்டகையும் உழைப்பும். கிடைப்பது வளர்ப்புக் கூலி. தீனி மூட்டையில் கைவைக்க அவருக்கு உரிமையில்லை. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வராவிட்டால் கூலியும் குறையும்.

ஆகவே கேள்வி தீனி தயாரிப்பவரிடம் போக வேண்டும். மூட்டைக்குள் கலந்த மருந்தின் பெயரை மூட்டை மீதே பெரிய எழுத்தில், மராத்தியிலும் அச்சிடச் சட்டம் வற்புறுத்த வேண்டும். இலைத் தீனியைக் கால்நடைக் கல்லூரிகள் சிறு பண்ணைகளிலேயே சோதித்து, செலவுக் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும். வெல்லத்துக்கும் உலர்த்தும் கூலிக்கும் ஆகும் காசை யார் தருவது என்று முடிவாகாமல் எந்தக் கம்பெனியும் அசையாது.

வீட்டுக்குப் பின்னால் பத்துக் கோழி வளர்ப்பவர் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: டிரம்மைத் திறக்கையில் புளிப்பு வாசனை வந்தால் சரி, பூஞ்சணம் கண்டால் அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட வேண்டும்.