பட்டறைச் சுவரில் ஒரு லீவு அட்டை

ஆடி பிறந்தால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை. ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. சேலம், நாமக்கல் ஆட்சியர்கள் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார்கள். பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் மூடப்படுகின்றன. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலோ பள்ளிபாளையம் தறிக்கூடத்திலோ வேலை பார்க்கும் தாய் தகப்பனுக்கு அன்று லீவா, இல்லையா? அதை முதலாளி முதல் நாள் சாயங்காலம் சொல்வார். பிள்ளை வீட்டில் இருக்கும். பெற்றவர்கள் ஷிப்டுக்குப் போவார்கள்.

பல இடங்களில் லீவு என்பது இன்னும் தயவாகவே இருக்கிறது. கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தவர் கேட்பதில்லை, நோம்பிக்கு ஊருக்குப் போனதும் சொல்லாமல் நின்றுவிடுகிறார். போன் அடித்தால் எடுப்பதில்லை. அவருக்குப் பதில், பகல் ஷிப்டு முடித்த இன்னொருவரே இரவுத் தறியையும் சேர்த்து ஓட்டுகிறார். இரண்டாவது இரவில் அவர் கண் சொருகும்போது இழை அறுந்தது தெரிவதில்லை, துணியில் பழுது விழுகிறது. பழுதுக்குப் பிடித்தம் அவர் கூலியில். முன்பணம் வாங்கியவர் நிலை இன்னும் மோசம். லீவு என்று வாயெடுத்தால் பாக்கிப் பேச்சு வந்துவிடும். கடன் வேறு, ஓய்வு வேறு; இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

சட்டம் பேசாமல் இல்லை. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களும் சேர்ந்து ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அந்த நாள் சம்பளத்தோடு மாற்று விடுமுறை. கடைகள், நிறுவனங்களுக்கான 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் விடுப்பும், அதுபோக நோய்க்கு 12, தற்செயலுக்கு 12 நாளும் தருகிறது. தொழிற்சாலைச் சட்டத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்று இருந்தது; 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆகக் குறைத்தது. ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் பல, பத்துப் பேர் இல்லாதவை. பழைய தொழிற்சாலைச் சட்டம் போலவே புதிய தொகுப்பும் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது. இ.எஸ்.ஐ.யும் பத்துப் பேரிலிருந்துதான். அங்கே காய்ச்சலில் படுத்தால் கூலி போச்சு.

மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவருக்கு எப்படி லீவுச் சம்பளம் போடுவது என்று கேட்கிறார்கள். இதற்கு வழி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது: லீவுக்கு முந்தைய மாதம் வேலை பார்த்த நாட்களின் சராசரி வருமானம்தான் ஒரு நாள் லீவுச் சம்பளம். வாரக்கூலி நோட்டு இருந்தால் போதும்.

செலவு பற்றிய பயத்தையும் ஒதுக்க முடியாது. பல முதலாளிகள் தாமும் தறியில் நின்று, கடன் வாங்கிக் கூலி கொடுப்பவர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர், ஆளுக்கு 12 நாள் என்றால் 60 நாள். ஐவரும் ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் 1,500 நாள். ஆக, கூலியில் நூற்றுக்கு நான்கு ரூபாய். சொல்லாமல் நிற்கும் ஆளால் ஓடாத தறிக்கும் தவறிய ஆர்டருக்கும் ஆகும் நட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அந்த நான்கு ரூபாயும் பட்டறைக்காரர் தலையில் மட்டும் விழக் கூடாது. பாவும் நூலும் கொடுத்து ஜாப் ஒர்க் வாங்கும் வியாபாரி கூலி பேசும்போதே இதைச் சேர்க்க வேண்டும். தீபாவளி ஆர்டரைக் கடைசி நேரத்தில் கொடுத்துவிட்டு நாள் குறிப்பவருக்கும் இந்தப் பொறுப்பில் பங்கு உண்டு.

வேலை நிற்கவே முடியாத இடம் கோழிப்பண்ணை. பொங்கலன்றும் கோழி முட்டையிடும். தீவனம் போட வேண்டும், முட்டை எடுக்க வேண்டும். அங்கே எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடையாது, முறை வைத்துத்தான் போக முடியும். இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் அடுத்த தீபாவளிக்குப் பண்ணையில் இருப்பார். இது ஆறு மாதம் முன்பே எழுத்தில் இருந்தால் வெளிமாநிலத் தொழிலாளியும் ரயில் டிக்கெட் எடுக்கலாம்.

தொழிலாளிக்கும் கடமை உண்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பியெல்லாம் முன்கூட்டியே நாள் தெரிந்தவை. பதினைந்து நாள் முன்பு சொல்லிவிடலாம். சாவு, பிரசவம், காய்ச்சல் போன்றவற்றுக்கு ஒரு போன் போதும். லீவு உரிமையாகிவிட்டால், சொல்லிவிட்டுப் போவதும் மரியாதையாகிவிடும்.

2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவுக்குத் தமிழ்நாடே எதிர்ப்புச் சொன்னது. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்த அக்கறையை நம் தெருவில் 12 மணி நேரம் ஓடும் தறிக்கூடத்தின் மீதும் காட்ட வேண்டாமா?

தறிச் சங்கங்களும் வெள்ளிக் கொலுசுச் சங்கங்களும் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்களும் தொழிற்சங்கங்களோடு ஒருமுறை உட்காரட்டும். ஊருக்கு ஒரு பொதுப் பட்டியலைப் போடுங்கள்: இன்னின்ன நாள் மூடல், ஆளுக்கு இத்தனை நாள் கூலியோடு லீவு, இத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். பொங்கல் முடிந்து தறி ஓடத் தொடங்கும் வாரத்தில் அதை அட்டையில் தமிழிலும் இந்தியிலும் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள்.